பங்கு உண்டு, நாற்காலி இல்லை!

ஒரகடத்து நாற்சந்தியில் நின்று பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவன பெருந்தொழிற்கூடங்களே. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் செய்யத் தொடங்கியது. 2010-ல் ரெனோவும் நிசானும் கூட்டாக ஒரகடத்தில் ஆலை திறந்தன. 2012-ல் டெய்ம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் என்று வரிசை நீண்டது. 2006-ல் கொட்டு முழக்கோடு திருப்பெரும்புதூருக்கு வந்த நோக்கியா, 2014-ல் கதவடைத்துப் போன கதையும் அந்த வரிசைக்குள்ளேதான் இருக்கிறது. அவற்றைப் பற்றி ஏடுகள் நிறைய எழுதிவிட்டன, இன்னும் எழுதும்.

நாம் பேச எண்ணுவது அந்த மதில்களுக்கு அப்பால், கிளைச் சாலைகளில் தகரக் கூரையின் கீழ் இயங்கும் சிறு பட்டறைகளைப் பற்றி. தகடு அடிக்கும் பிரஸ், உருளை கடையும் லேத், முலாம் பூசும் தொட்டி, ரப்பர் வளையம் வார்க்கும் அச்சு ஆகியவற்றை வைத்துக்கொண்டு பெருங்கூடங்களுக்கு உறுப்பு செய்து தருகிற பட்டறைகள் பலவும் ஒரே குடும்பத்தின் உடைமை. அவற்றின் பெயர்ப் பலகைகளைப் படித்துப் பாருங்கள். 'பிரதர்ஸ்' இருக்கும். 'அண்ட் சன்ஸ்' இருக்கும். 'அண்ட் டாட்டர்ஸ்' என்றொரு பலகையைக் கண்டவர் உண்டோ? மகளின் பெயரையே பட்டறைக்குச் சூட்டி மகிழும் தந்தையர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பலகையில் ஏறிய அந்தப் பெயர், பங்கேட்டில் ஏறிற்றா என்று கேட்டால், கேட்டவனை ஏற இறங்கப் பார்ப்பார்கள்!

ஏட்டில் பெயர் ஏறுவது எப்படி, ஏறிய பெயருக்கு என்ன மதிப்பு, ஏறாத பெயருக்கு நீதிமன்றம் என்ன சொன்னது என்பதுதான் இக்கட்டுரையின் பொருள். இது பணக்காரர் வீட்டுப் பங்காளிச் சண்டை, நமக்கு ஏன் என்று தோழர்கள் எண்ணிவிடக் கூடாது. நிலத்திலிருந்து தொழிலுக்கும், வயலிலிருந்து பட்டறைக்கும் செல்வம் இடம் பெயர்ந்துகொண்டிருக்கும் காலம் இது. நிலத்திலே பெண்ணுக்குப் பங்கு வாங்கித் தந்துவிட்டுப் பட்டறை வாயிலில் அவளை நிறுத்திவைத்தால், வாங்கித் தந்தது என்ன?

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வழியே தெற்கே சென்றால் செங்கற்பட்டு. திருப்பெரும்புதூர் வட்டம் நெடுங்காலம் அந்த மாவட்டத்துக்கு உட்பட்டதாகவே இருந்தது. அந்தச் செங்கற்பட்டில் 1929 பிப்ரவரி 17, 18 நாட்களில், டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, ஆணைப் போலவே பெண்ணுக்கும் சொத்துரிமை வேண்டும், எந்தத் தொழிலிலும் ஈடுபடும் உரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. சொத்தும் தொழிலும்! அந்த இரண்டு சொற்களும் ஒரே மேடையில் சேர்ந்து ஒலித்தன. பின்னர் வந்த சட்டங்களோ ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட்டன.

1937-ல் வெள்ளையர் ஆட்சியில் வந்த சட்டம் விதவைக்குக் கணவன் பங்கில் ஆயுள் மட்டும் அனுபவிக்கும் உரிமை தந்தது. மகளை நினைக்கவே இல்லை. இந்துச் சட்டத் தொகுப்பு முடங்கியதைக் காரணங்களுள் ஒன்றாகக் காட்டி, அம்பேத்கர் 1951-ல் அமைச்சர் பதவியை உதறினார். அதன் பின் 1956-ல் வந்த வாரிசுரிமைச் சட்டம் மகளை வாரிசாக ஏற்றது. ஆனால் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பால் வரும் பங்கை ஆணுக்கே விட்டுவைத்தது.

அதன் பொருள் என்ன என்பதைக் கணக்கில் பார்த்தால்தான் விளங்கும். ஒரு கூட்டுக் குடும்பத்துக்கு 18 இலட்சம் ரூபாய் பெறும் தொழில் இருக்கிறது. தந்தை, தாய், ஒரு மகன், ஒரு மகள். தந்தை இறக்கிறார். தென்னாட்டு வழக்கப்படி தந்தைக்கும் மகனுக்கும் ஆளுக்குப் பாதி என்று முதலில் பிரித்ததாகக் கொள்ள வேண்டும். மகனுக்கு 9. தந்தையின் 9 மூவருக்கும் சமம், ஆளுக்கு 3. ஆக மகனுக்கு 12, மகளுக்கு 3, தாய்க்கு 3. சமத்துவம் பேசிய சட்டத்தின் கணக்கு இது!

இந்தக் கணக்கைத் திருத்திய மாநிலங்களில் ஆந்திரமும் தமிழ்நாடும் முன் நின்றன. தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடப்புக்கு வந்தது. மகனைப் போலவே மகளும் பிறப்பால் பங்குடையவள் என்றது. ஆயினும் அந்த நாளுக்கு முன் மணமாகிப் போனவளுக்குக் கதவு அடைத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தம் அந்தத் தடையையும் நீக்கியது. அப்போதும் வழக்கறிஞர்கள் ஓயவில்லை. 2005-ல் தந்தை உயிரோடு இருந்தால்தான் மகளுக்கு உரிமை என்று 2015-ல் ஒரு தீர்ப்பு. இல்லாவிட்டாலும் உண்டு என்ற போக்கில் 2018-ல் ஒன்று. கடைசியில், வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்டு 11 அன்று மூன்று நீதிபதிகள் கூடி, மகளின் உரிமை பிறப்பால் வருவது, தந்தை எந்த நாளில் இறந்தார் என்பதைப் பொறுத்தது அன்று என்று முடித்துவைத்தனர்.

இப்போது அதே 18 இலட்சம்: தந்தை, மகன், மகள் மூவருக்கும் ஆளுக்கு 6. தந்தையின் 6-ல் மூவருக்கும் ஆளுக்கு 2. மகன் 8, மகள் 8, தாய் 2. மகள் நிமிர்ந்தாள், தாயின் பங்கு 3-லிருந்து 2 ஆகக் குறைந்ததை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்? சீர்திருத்தம் செய்தோர் கண்ணுக்கும் அது தப்பிவிட்டது போலும்.

ஆக, சொத்து வழக்கில் மகள் வென்றாள் என்று முரசு கொட்டலாம். கொட்டிவிட்டுப் பட்டறைக்கு வருவோம்.

வினீதா சர்மா தீர்ப்பு பேசுவது பரம்பரைக் கூட்டுச் சொத்தைப் பற்றி. ஒரகடத்துப் பட்டறைகளுள் பல, லேத் பிடித்துக் கை காய்த்த முதல் தலைமுறையார் தாமே தேடிய தேட்டம். தானே தேடிய பொருளை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதி வைக்கத் தந்தைக்கு உரிமை உண்டு. உயில் இல்லையென்றால் 1956-லிருந்தே மகனுக்கும் மகளுக்கும் சமம்தான். ஆனால் உயில் இருக்கும். அல்லது விடுதலைப் பத்திரம் இருக்கும். "உனக்குத்தான் நகை போட்டுச் சீர் செய்து அனுப்பியாயிற்றே, அண்ணன் தொழிலில் என்னம்மா கேட்கிறாய்?" என்ற கேள்விக்கு முன் கையெழுத்துப் போடாத தங்கைகள் எத்தனை பேர்? நகை ஒரு நாள் விலை, தொழில் ஒவ்வொரு நாளும் காய்க்கும் மரம் என்று எடுத்துச் சொல்ல அந்த அறையில் அவளுக்கு ஒரு துணையும் இராது.

கையெழுத்துப் போட மறுத்தாள் என்றே வைத்துக்கொள்வோம். உரிமையோடு பட்டறைக்குள் வருகிறாள். அங்கே அவளை எதிர்கொள்வது வேறொரு சட்டம்.

இருவர் சேர்ந்து நடத்தும் தொழிலை ஆள்வது 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம். பத்திரத்தில் வேறாக எழுதாத வரையில், கூட்டாளி ஒருவர் இறந்தால் கூட்டே கலைந்துவிடும். எஞ்சியோர் அனைவரும் இசைந்தாலன்றி அவருடைய மகளோ மகனோ அவர் இடத்தில் உட்கார முடியாது. கணக்குத் தீர்க்காமல் எஞ்சியோர் தொழிலைத் தொடர்ந்தால், அந்த முதலால் விளைந்த இலாபத்தில் பங்கு, அல்லது ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி, இரண்டில் ஒன்றை வாரிசு தேர்ந்துகொள்ளலாம். 1932-ல் எழுதிய அந்த 6 இன்றும் 6 தான். பாங்கில் பட்டறைக்குக் கடன் வாங்கிப் பாருங்கள், 6 விழுக்காட்டுக்குக் கிடைக்கிறதா என்று! தங்கையின் முதலை விடக் குறைந்த வட்டிக்கு அண்ணனுக்குக் கிடைக்கும் பணம் இந்த நாட்டில் ஏதும் இல்லை.

1966-ல் உச்சநீதிமன்றம் தீர்த்த அட்டங்கி நாராயணப்பா வழக்கு இதைவிடக் கூர்மையானது. நெல் அரைத்தும் நிலக்கடலை உடைத்தும் கூட்டாகத் தொழில் நடத்திய இரு குடும்பங்கள் பிரிந்தன. ஒரு தரப்பு தன் பங்கை விட்டுக்கொடுத்ததாக ஒரு தாள் இருந்தது. அது பதிவு செய்யப்படாத தாள். ஆலை, நிலம் எல்லாம் சேர்ந்த சொத்தாயிற்றே, பதிவில்லாத தாள் செல்லுமா? செல்லும் என்றது நீதிமன்றம். கூட்டுத் தொழில் நடக்கும்போது இந்தச் சுவர் என்னுடையது, அந்த எந்திரம் உன்னுடையது என்று எந்தக் கூட்டாளியும் சுட்டிக் காட்ட முடியாது. அவனுக்கு உள்ளது கடன் போக மிஞ்சும் பணத்தில் ஒரு பங்கே, அது அசையும் பொருளே என்பது காரணம். வாணிப உலகுக்கு வசதியான விதி. ஆனால் பெண்ணின் பக்கம் நின்று பாருங்கள். ஒரு மனையில் தன் பங்கை விட்டுக்கொடுக்க அவள் சார்பதிவாளர் முன் நிற்க வேண்டும். அவர் கேட்பார், அவள் சொல்வாள். அவ்வளவு பெரிய பட்டறையில் தன் பங்கை விட்டுக்கொடுக்கவோ, சமையலறை மேசையில் நீட்டப்பட்ட ஒரு தாள் போதும்.

பட்டறை வளர்ந்து 'பிரைவேட் லிமிடெட்' ஆகிறது. கம்பெனி என்றால் தனி ஆள், அதை நடத்துபவர் வேறு என்ற கோட்பாட்டை உலகுக்குச் சொன்னது இலண்டனில் தோல் காலணி செய்து விற்ற ஆரோன் சாலமன் என்பவரின் வழக்கு. 1892-ல் தம் தொழிலைக் கம்பெனியாக்கினார் அவர். அன்றைய சட்டப்படி ஏழு பேர் வேண்டும். மொத்தம் 20,007 பங்குகள், சாலமனுக்கு 20,001. மிச்சம் ஆறும் மனைவிக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, நான்கு மகன்களுக்கு ஒவ்வொன்று. கம்பெனி நொடித்தது. இது வெறும் வேடம், கடனுக்குச் சாலமனே பொறுப்பு என்று கடன்காரர் தரப்பு வழக்காடியது. 1896-ல் பிரபுக்கள் சபை, ஏழு பேர் இருக்கிறார்கள், சட்டம் கேட்டது அவ்வளவே, கம்பெனி வேறு சாலமன் வேறு என்று தீர்ப்புரைத்தது. சட்ட மாணவர் எல்லோரும் முதல் வகுப்பில் படிக்கும் வழக்கு இது. அந்த மனைவியும் மகளும் அங்கே எதற்கு வந்தார்கள்? எண்ணிக்கை நிரப்ப! நம் நாட்டில் 1913-ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் கம்பெனிக்கு இருவர் போதும் என்றது. அந்த இரண்டாவது ஆளாக எத்தனை மனைவியர் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பதிவாளர் அலுவலகத்து ஏடுகள்தாம் சொல்ல வேண்டும்.

சிறு கம்பெனி என்பது கம்பெனி உடை உடுத்திய கூட்டு வாணிபமே. இதை நீதிமன்றங்கள் அறியாமல் இல்லை. இலண்டனில் இரு கம்பள வணிகர்கள் நெடுநாள் கூட்டாளிகளாக இருந்து 1958-ல் கம்பெனி ஆனார்கள். ஒருவர் தம் மகனை உள்ளே கொண்டுவந்தார். தந்தையும் மகனும் சேர்ந்து பழைய கூட்டாளியை இயக்குநர் பதவியிலிருந்து இறக்கினர். சட்டத்தின் எழுத்துப்படி அது முறையே. ஆனால் ஒருவரையொருவர் நம்பித் தொடங்கிய தொழிலில் நம்பிக்கையைக் கொன்றபின் கம்பெனி எதற்கு என்று கேட்டு, 1972-ல் பிரபுக்கள் சபை அதைக் கலைக்கச் சொல்லிற்று. நம் உச்சநீதிமன்றமும் 1976-ல் அக்கொள்கையை எடுத்துப் பேசியது. பேசியதேயன்றி, அந்த வழக்கில் கேட்டவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். சிறு கம்பெனிகளின் உடைமை பற்றி இந்தியா முழுவதிலும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்புகளில் இரண்டு சென்னை உயர்நீதிமன்றத்தின் வழியாக உச்சநீதிமன்றம் ஏறியவை.

முதலாவது, நீலகிரியில் கேத்தியில் இருந்த ஊசித் தொழிற்சாலையின் வழக்கு. 1949-ல் ஆங்கிலக் கம்பெனியின் கிளையாகப் பிறந்தது அது. நாளடைவில் இந்திய ஊழியரும் இயக்குநரும் பங்கு பெற்றனர். 1970-களில் மொத்தம் 32,000 பங்குகள். அவற்றில் 18,990 இங்கிலாந்துக் கம்பெனியிடம். நூற்றுக்கு 59-க்கு மேல். அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ், வெளிநாட்டார் பங்கை ஓராண்டுக்குள் 40 விழுக்காட்டுக்குக் குறைக்க வேண்டும் என்று 1976 மே மாதம் ரிசர்வ் பாங்கு கட்டளையிட்டது. கெடு நெருங்கியது. 1977 ஏப்ரல் 6 அன்று இயக்குநர் குழு கூடியது. நூறு ரூபாய் முகமதிப்புள்ள 16,000 புதிய பங்குகளை, இருக்கும் பங்குதாரருக்கே அவரவர் அளவுப்படி தருவதென முடிவு செய்தது. இங்கிலாந்துக் கம்பெனிக்கு உரியவை 9,495.

எல்லாம் முறைப்படிதானே என்பீர்கள். கடிதத்தின் கதையைக் கேளுங்கள். அதில் எழுதியிருந்த நாள் ஏப்ரல் 14. அஞ்சலில் சேர்ந்த நாள் ஏப்ரல் 27. இங்கிலாந்தில் கைக்குக் கிடைத்த நாள் மே 2. பங்குகளை ஒதுக்கக் குழு கூடிய நாளும் மே 2! கடல் கடந்து கடிதத்தைப் பிரித்துப் படிப்பதற்குள் இங்கே 16,000 பங்குகளும் இந்தியத் தரப்புக்கே போய்விட்டன. மொத்தம் 48,000 ஆயிற்று. இங்கிலாந்துக் கம்பெனியிடம் அதே 18,990. நூற்றுக்கு 40-க்கும் கீழே.

இது ஒடுக்குமுறை என்று வழக்கு. உயர்நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி ஒரு விதமாகவும், இரு நீதிபதிகள் வேறு விதமாகவும் சொன்னார்கள். 1981 மே 7 அன்று உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட் தீர்ப்புரைத்தார். கெடு இருந்தது, கம்பெனியின் நன்மைக்காகவே பங்கு வெளியிட்டார்கள், அதனால் இயக்குநருக்கும் நன்மை விளைந்தது என்பதால் மட்டும் அது ஒடுக்குமுறை ஆகாது என்றார். பங்கு ஒதுக்கீடு நின்றது. ஆனால் அத்தோடு விடவில்லை. அன்று பங்கின் மதிப்பு 190 ரூபாய், வாங்கியது 100-க்கு. கடிதத்தைத் தாமதித்துப் பெற்ற ஆதாயம் பங்கு ஒன்றுக்கு 90. அதை 9,495 ஆல் பெருக்கி, 8,54,550 ரூபாயை இந்தியத் தரப்பு திருப்பித் தர வேண்டும் என்று ஆணையிட்டார்.

அந்த வழக்கில் இழந்தவர் வெள்ளைக்காரக் கம்பெனி. நம் அனுதாபம் அங்கே எளிதில் போகாது. போக வேண்டியதும் இல்லை. ஆனால் அந்த இடத்தில் வேற்றூரில் வாழ்க்கைப்பட்ட ஒரு தங்கையை நிறுத்திப் பாருங்கள். "புதிய எந்திரம் வாங்க வேண்டும், மூலதனத்தைப் பெருக்குகிறோம், உன் பங்குக்கு இத்தனை இலட்சம் கட்டு" என்று ஒரு கடிதம். கட்டப் பணம் இராது. அல்லது கடிதமே நாள் கடந்து வரும். மூன்றில் ஒரு பங்கு ஐந்தில் ஒன்றாகும், பிறகு பத்தில் ஒன்றாகும். அவள் பங்கை யாரும் பறிக்கவில்லை, அது கரைந்தது! இன்றைய விதி அத்தகைய அழைப்புக்குப் பொதுவாக 7 நாளுக்குக் குறையாத தவணை தரச் சொல்கிறது. அஞ்சல் முத்திரையின் நாளைப் பார்த்து வைத்துக்கொள்ளும் பழக்கம் பெண்களுக்கு வேண்டும் என்பேன்.

இரண்டாவது, வி. பி. ரங்கராஜ் வழக்கு. உடன்பிறந்தார் இருவர் நடத்திய தனியார் கம்பெனி. பங்குகள் ஐம்பதே ஐம்பது, கிளைக்கு இருபத்தைந்து. இந்தச் சமநிலை என்றும் குலையக் கூடாது, ஒரு கிளையில் யாரேனும் விற்பதானால் அதே கிளையாருக்கே முதலில் தர வேண்டும் என்று 1951-ல் வாய்மொழியாகப் பேசிக்கொண்டார்கள். காலம் ஓடியது, மூத்த தலைமுறை மறைந்தது. ஒரு கிளையின் மகன் தன் பங்குகளை மறு கிளையாருக்கு விற்றுவிட்டான். தராசு சாய்ந்தது. பெற்றோர் பேசிய பேச்சு என்னாயிற்று என்று அவன் உடன்பிறந்தார் வழக்குத் தொடுத்தனர். கீழ்மன்றமும் உயர்நீதிமன்றமும் அவர்கள் பக்கம் நின்றன. 1991 நவம்பரில் உச்சநீதிமன்றம் எல்லாவற்றையும் கவிழ்த்தது. கம்பெனியின் உள்விதிகளில் எழுதப்படாத கட்டுப்பாடு கம்பெனியையும் கட்டாது, பங்குதாரரையும் கட்டாது! 2012-ல் வோடபோன் வழக்கில் நீதிபதி ஒருவர் இக்கருத்தோடு மாறுபட்டு எழுதினார் என்பது உண்மை. ஆயினும் சிறு கம்பெனியில் பங்கு வைத்திருப்பவர் நம்பி நடக்க வேண்டிய விதி இன்றும் ரங்கராஜ் விதியே.

"எனக்குப் பின் உனக்கும் பங்கு உண்டு அம்மா, அண்ணன் பார்த்துக்கொள்வான்" என்று தந்தை கட்டிலில் கிடந்து சொன்ன சொல், உள்விதியில் ஏறாவிட்டால் காற்றோடு போகும் என்பதே இதன் பொருள். அதே ஒரகடத்தில் ரெனோவும் நிசானும் நடத்திய கம்பெனியும் இரண்டே உடைமையாளர் கொண்ட தனியார் கம்பெனிதான். வாய்ச்சொல்லை நம்பியா அவர்கள் கூடினார்கள், பிரிந்தார்கள்? 2025 ஆகஸ்டில் நிசானிடமிருந்த 51 விழுக்காட்டையும் ரெனோ வாங்கிக்கொண்டபோது ஒவ்வொரு வரியும் தாளில் இருந்தது. நூறு கோடிக்காரன் தன் கூட்டாளியை நம்பாமல் எழுதி வாங்குகிறான். பத்து இலட்சக்காரன் மகளிடம் மட்டும் பாசத்தைப் பத்திரமாகக் காட்டுகிறான்.

பாசமும் பத்திரமும் செல்வமும் எல்லாம் நிறைந்த வீட்டிலும் என்ன நடந்தது என்பதைச் சென்னை கண்டது. 1900-ல் பர்மாவில் வட்டித் தொழிலாகத் தொடங்கி இன்று சைக்கிள், உரம், சாணைக்கல் என்று பரந்து நிற்கும் முருகப்பா குழுமத்தின் முடியில் இருப்பது அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்னும் குடும்பக் கம்பெனி. குழுமத்தின் முன்னாள் தலைவர் எம். வி. முருகப்பன் 2017-ல் மறைந்தார். அவருக்கு மகன் இல்லை, இரு மகள்கள். அந்தக் கிளையின் கையில் 8 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்ட பங்கு. மூத்தவரான வள்ளி அருணாசலம் அணுப்பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அயல்நாட்டில் நெடுங்காலம் பணியாற்றியவர். இயக்குநர் குழுவில் இடம் கேட்டார், அல்லது எங்கள் பங்கை நியாயமான விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். 2020 செப்டம்பர் 21 அன்று பங்குதாரர் கூட்டம். விழுந்த வாக்குகளில் 91 விழுக்காட்டுக்கு மேல் அவருக்கு எதிராக விழுந்தன.

நாளைக் கவனியுங்கள். மகள் பிறப்பாலேயே பங்குடையவள் என்று உச்சநீதிமன்றம் முழங்கியது ஆகஸ்டு 11. நாற்பத்தொரு நாள் கழிந்தது, செப்டம்பர் 21. பங்கை யாரும் மறுக்கவில்லை. மறுக்கப்பட்டது நாற்காலி.

அவர் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை மன்றத்துக்குச் சென்றார். அங்கு ஒரு தீர்ப்பு வந்திருந்தால் எத்தனையோ தங்கைகளுக்கு வழிகாட்டியாக இருந்திருக்கும், வராமலே போயிற்று. 2023 ஆகஸ்டில் குடும்பத்தார் தமக்குள் உடன்பாடு கண்டுவிட்டதாகவும் வழக்குகள் முடித்துக்கொள்ளப்படும் என்றும் அறிவித்தனர். ஒரு குடும்பம் சமாதானம் அடைந்ததைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை? ஆனால் சட்டக் கேள்வி விடையின்றி நிற்கிறது.

விடை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதற்கு ஒரு குறிப்பு உண்டு. 2021 மார்ச் 26 அன்று டாட்டா வழக்கில், நூற்றுக்கு 18-க்கு மேல் பங்கு வைத்திருந்தவர்கள் இயக்குநர் குழுவில் அளவுக்கேற்ற இடத்தை உரிமையாகக் கேட்டபோது, உள்விதிகளில் எழுதியிருந்தாலன்றிச் சிறுபான்மைப் பங்குதாரருக்கு அப்படி ஓர் உரிமை இல்லை என்று உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே நின்றவர் ஆண், கோடிகளுக்கு அதிபதி. சட்டம் அவரையும் அதே வாசகத்தால்தான் திருப்பி அனுப்பியது. எனவே நீதிபதிகள் பெண்ணை வெறுத்தார்கள் என்று நாம் குற்றம் சாட்ட முடியாது. பெரும்பான்மை ஆளும், எழுதியது ஆளும் என்பது கம்பெனிச் சட்டத்தின் இயல்பு. நம் குடும்பங்களில் பெரும்பான்மை யார் கையில், எழுதுகோல் யார் கையில் என்பதுதான் கேள்வி.

கையில் ஒன்றும் இல்லை என்றும் சோர வேண்டாம். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, தந்தை நடத்திய தொழில் வாரிசுகளுக்கு வந்து அவர்களில் ஒருவர் தம் பங்கை விற்க முற்பட்டால், வாங்கும் முதல் உரிமை மற்ற வாரிசுகளுக்கே என்கிறது. விலை ஒத்துவராவிட்டால் நீதிமன்றம் விதிக்கும். அண்ணன் தன் பங்கை வெளியாருக்குத் தள்ளிவிடும்போது தங்கை கையை நீட்டித் தடுக்கலாம். வீட்டுக்கும் நிலத்துக்கும் இதைக் கேட்டு வழக்காடியவர் பலர்; பட்டறைக்காகக் கேட்டவர் அரிது. கம்பெனியானால், தலைக்கணக்கிலோ மூலதனத்திலோ பத்தில் ஒரு பகுதி உடையவர் ஒடுக்குமுறை வழக்குத் தொடுக்கலாம் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்திருக்கிறது. மூன்று பேர் கொண்ட குடும்பக் கம்பெனியில் ஏட்டில் பெயருள்ள மகளுக்கு அந்த வாயில் திறந்தே இருக்கும்.

ஏட்டில் பெயருள்ள மகளுக்கு! திரும்பத் திரும்ப அங்கேதான் வந்து நிற்கிறோம். கூட்டுப் பத்திரமானால், இறந்த கூட்டாளியின் வாரிசு ஆணாயினும் பெண்ணாயினும் அவர் இடத்துக்கு வருவார் என்று ஒரு வரி. கம்பெனியானால், ஒவ்வொரு கிளைக்கும் இயக்குநர் குழுவில் ஓர் இடம், விலகுவோர் பங்குக்கு விலை மதிக்கும் முறை, புதிய பங்கு வெளியிட எல்லோர் இசைவும் வேண்டும் என்று மூன்று வரி. திருப்பெரும்புதூரில் பட்டறை நடத்தும் தோழர்களே, உங்கள் கணக்காயர் எழுதித் தந்த பத்திரத்தை எடுத்து, இந்த வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால், உள்விதியைத் திருத்த வாக்களிப்போரில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். தந்தைக்குப் பின் 8, 8, 2 என்று பிரிந்துபோன வீட்டில், அண்ணன் ஒருவன் கை தூக்க மறுத்தால் அது என்றும் கூடாது. தந்தை இருக்கும்போது, பங்கு முழுதும் அவர் கையில் இருக்கிற நாளில், ஒரு பிற்பகல் போதும்.